கியர்பொக்ஸ் மட்டும்தானே, சேர்!

ஓட்டோ கியர் (தானா மாறுற கியர்) செத்துப்போன கொரோலா 110 ஒண்டு திருகோணமலை உப்புவெளியில ஒரு கராஜில ஜாக்கில ஏறி நிக்குது. சொந்தக்காரர் கணக்குப் படிப்பிக்கிற சேர். கூலன்ட் விலை கூட எண்டு றேடியேட்டருக்கு உப்புக் கிணத்துத் தண்ணி ஊத்திக்கொண்டு திரிஞ்சவர். அந்த றேடியேட்டர் தொட்டிக்குள்ளதான் கியர் ஒயிலை ஆத்துற குழாயும் கிடக்கு. அது உக்கி ஓட்டை விழ, தண்ணியும் ஒயிலும் ஒண்டாகி டிப்ஸ்டிக்கில பலூடா வந்திட்டுது. அதோட ஓடினா உள்ளுக்கிருக்கிற கிளச் தட்டுகளின்ர ஒட்டு ஊறிக் கழரும். பிறகு டி-யில போட்டாலும் கார் யோசிச்சுத்தான் நகரும்.

சேர் மனக்கணக்குப் போட்டார். "கையால கியர் மாத்துற பழைய மனுவல் பொக்ஸ், ஓட்டோ பொக்ஸின்ர பாதி விலை. ஒண்டைக் கழட்டி ஒண்டைப் பூட்டிறது. மிச்சப் பாதி என்ர பொக்கெட்டில."

"பொக்ஸ் மட்டும் வாங்கினா பொக்ஸ் மட்டும்தான் இருக்கும், சேர்" எண்டார் கராஜ் பாஸ்.

சேர் கேக்கேல்லை. கொழும்பில பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் சி50 அஞ்சு கியர் பொக்ஸ் ஒண்டைச் சாக்கில சுத்தி பஸ்ஸில கொண்டந்து இறக்கினார். கொண்டக்டர் அதுக்கும் அரை டிக்கெட் போட்டவராம். பொக்ஸில பிழை சொல்ல ஏலாது. ஆனா பிளைவீல் இல்லை. பிரஷர் பிளேட், கிளச் தட்டு, றிலீஸ் பெயாரிங், அதைத் தள்ளுற போர்க், ஒண்டும் இல்லை. காருக்குள்ள வந்தா கிளச் பெடல், மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், இடையில ஓடுற குழாய், கியர் லீவர், அதின்ர ரெண்டு கேபிள், எல்லாத்துக்கும் பூச்சியம். இதுகளை ஒவ்வொண்டாத் தேடினா ஒவ்வொண்டும் ஒவ்வொரு மொடலில இருந்து வரும், ஒண்டோடொண்டு சேராது. அதாலதான் அனுபவப்பட்டவை முன்பாதி வெட்டின மனுவல் காரையே பார்த்து, பெடல் கூட்டில இருந்து கடைசிப் போல்ட் வரைக்கும் ஒரே காரில கழட்டுவினம். இனாமாக் கேட்டு வாங்க வேண்டியது போல்ட்டுகள்தான். ஓட்டோவில இருக்கிற மெல்லிய பிளேட்டின்ர போல்ட் கட்டை. அதாலயே பிளைவீலைப் பூட்டினா ரெண்டு மூண்டு புரிதான் பிடிக்கும். பூட்டேக்க இறுகின மாதிரித்தான் இருக்கும், ஓட ஓட அது தன்ர குணத்தைக் காட்டும்.

பழைய பொக்ஸை இறக்கேக்க கராஜ்ப் பொடியன் ஒரு வேலை பார்த்தான். ஓட்டோவில கிளச்சுக்குப் பதிலா இருக்கிற டோர்க் கொன்வேர்ட்டரை அந்த மெல்லிய பிளேட்டில பிடிக்கிற போல்ட்டுகளை, கீழ இருக்கிற சின்ன வாசலால, எஞ்சினின்ர கிராங் புல்லிச் சில்லைத் திருப்பித் திருப்பி ஒண்டொண்டாக் கழட்ட வேணும். கழட்டினாப் பிறகு கொன்வேர்ட்டரைப் பொக்ஸோட ஒட்டித் தள்ளிப் பிடிச்சபடி இறக்க வேணும். பொடியன் போல்ட்டைக் கழட்டினான், பிடிக்க மறந்திட்டான். வடிப்புப் போல்ட்டால ஒரு மூண்டு லீற்றர் ஒயில்தான் இறங்கும், மிச்சமெல்லாம் கொன்வேர்ட்டருக்குள்ள ஒளிச்சிருக்கும். அது நிலத்தில விழுந்த உடன, புதினம் பார்க்க நிண்ட நாலு பேரின்ர செருப்பும் ரோசாப்பூ நிறமாச்சு. ஆலோசனை சொல்ல வந்த ஆக்கள் குறைஞ்சது அதுக்குப் பிறகுதான்.

கிளச் தட்டுக்கு முகம் ரெண்டு. ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு நிக்கிற பக்கம் பிரஷர் பிளேட்டைப் பார்க்க வேணும். மாறிப் பூட்டினா நடு மொட்டு பிளைவீல் போல்ட்டுகளில உரசும், கிளச் விடாது, முழுப் பொக்ஸையும் திரும்ப இறக்க வேணும். தட்டை நடுவுக்கு எடுக்க டம்மி ஷாப்ட் கிடைச்சா நல்லது, இல்லாட்டிப் பழைய மனுவல் பொக்ஸ் ஒண்டின்ர ஷாப்ட். கண்ணால பார்த்து நடுவாக்கினா, பொக்ஸை நெஞ்சில தாங்கிக்கொண்டு காருக்குக் கீழ கிடக்கிறவர் வாயால வாற வசனங்களை இதில எழுத ஏலாது. ஷாப்ட் பல்லில கிறீஸ் தொட்டும் தொடாமலும் பூசினாக் காணும். கூடினா தட்டில தெறிச்சு, புதுக் கிளச் முதல் நாளே வழுக்கும். பொக்ஸில இருந்து சில்லுக்குப் போற எக்சலையும் அளந்து பார்க்க வேணும். மொடலைப் பொறுத்து ஓட்டோவுக்கும் மனுவலுக்கும் நீளம் மாறும். கட்டையா இருந்தா பள்ளத்தில சில்லு தொங்கேக்க பொக்ஸை விட்டு வெளிய வரும்.

உண்மையான தவம் பெடலிலதான். கால் வைக்கிற இடத்தில தலையையும் சீட்டில காலையும் வைச்சு, டாஷ்போர்டுக்குக் கீழ மல்லாந்து கிடந்து செய்யிற வேலை. மாஸ்டர் சிலிண்டருக்கு, எஞ்சினையும் உள்பக்கத்தையும் பிரிக்கிற தகட்டில இடம் குறிச்சே இருக்கும். துளைச்ச விளிம்பை அராவி பெயின்ற் அடிக்காட்டி எங்கட உப்புக் காத்து மாரிக்குள்ளயே அதைத் தின்னத் தொடங்கிடும். சேர் இதில ஒரு மிச்சம் பிடிச்சார். "பிறேக் பெடல் ஏற்கெனவே இருக்குத்தானே, அதை ஏன் மாத்துவான்?" ஓட்டோவின்ர பிறேக் பெடல் அகலம். கிளச்சைத் தேடிப் போற இடக்கால் அதின்ர ஓரத்தில ஏறும். பரிசோதனை ஓட்டத்தில சேர் ரெண்டாம் கியருக்கு மாத்தப் போனார், முன் சீட்டில இருந்த பாஸ் கண்ணாடியோட நெத்தி முட்டினார். அண்டைக்கே ஒடுக்கமான பெடல் வந்து சேர்ந்தது.

கிளச் குழாயில இருந்து காத்து எடுக்கிறது ரெண்டு பேர் வேலை. ஒருத்தர் பெடலை மிதிச்சுப் பிடிக்க மற்றவர் கீழ நிப்பிளைத் திறந்து மூட வேணும். "மிதி... பிடி... விடு!" எண்ட சத்தம் கேட்டு, மூடமுதல் பெடலை விட்டா வெளிய போன காத்து உள்ள திரும்பி வரும். அந்தக் குழாயில ஓடுற டொட் 3 ஒயில் பெயின்ற்றை உரிக்கும், சிந்தினா உடன தண்ணியால கழுவுங்கோ. பெடலின்ர வெறும் ஆட்டம் 5 மி.மீ. இலிருந்து 15 மி.மீ. க்குள்ள நிக்க வேணும். பொக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஒயில் கிட்டத்தட்ட 1.9 லீற்றர்.

எல்லாம் பூட்டியாச்சு, சாவியைத் திருப்பினா சத்தமே இல்லை. கார் இன்னும் ஓட்டோ லீவரின்ர பி-யையும் என்-னையும் தேடுது. பழைய பொக்ஸில இருந்த நியூட்ரல் சுவிட்ச்சின்ர ரெண்டு தடிச்ச வயரும் சேர்ந்தால்தான் ஸ்டார்ட்டர் சுத்தும். அதை நேர முறுக்கி ஒட்டி விடுறது சோம்பேறி வேலை. கியரில நிக்கிற காரைப் பிள்ளையள் சாவி திருப்பினா மதில் போயிடும். கிளச் பெடலில சுவிட்ச் வைச்சு அதுக்குள்ளால எடுங்கோ. றிவர்ஸ் லைற் வயரும் அந்தக் கட்டுக்குள்ளதான். சில கார்ல பி-க்கு வராட்டிச் சாவி கழராது. சேர் மீன் சந்தையில சாவியைக் காரிலயே விட்டிட்டு, கண்ணைக் காரிலயும் கையைப் பாரைக்குட்டியிலயும் வைச்சுப் பேரம் பேசினது அதாலதான். காரின்ர கொம்பியூட்டரை மாத்தாமல் விட்டா, பழைய பொக்ஸோட காணாமல்போன சொலனொயிட்டுகளை (மின்சார வால்வுகளை) தேடி 62, 63 எண்டு பிழைக் கோட் போட்டுக்கொண்டிருக்கும். ஸ்பீட் சென்சர் வராட்டி நிலாவெளி றோட்டில எவ்வளவு பறந்தாலும் முள்ளு பூச்சியத்திலதான். றேடியேட்டரில மிஞ்சிற ரெண்டு குழாய் வாயையும் அடைச்சுவிடுங்கோ. சேரின்ர றேடியேட்டர் உள்ளுக்க ஓட்டை எண்டபடியால் அதையே மாத்த வேண்டி வந்தது. கூலன்டோட.

கடைசிக் கணக்கை சேர் ரெண்டு தரம் கூட்டிப் பார்த்தார். விடை மாறேல்லை. நல்ல ஓட்டோ பொக்ஸ் ஒண்டின்ர விலையைத் தொட்டு நிண்டது.

இதைப் படிச்சிட்டு ஹைபிரிட் காரோட வர நினைக்கிறவை வீட்டிலயே நில்லுங்கோ. அதில பெரும்பாலும் மோட்டரும் கியரும் ஒரே கூட்டுக்குள்ள, கழட்டி மாத்த ஒண்டுமில்லை.

புதுக் கிளச்சைக் கோட்டைக்குள்ளால கோணேசர் கோயில் ஏத்தத்தில பழகாதேங்கோ. முன்னால மான் நிக்கும், பின்னால வான் ஹோர்ன் அடிக்கும், அரைக் கிளச்சில தொங்கினா தட்டு எரிஞ்ச மணம் சந்நிதி வரைக்கும் போகும். ஹாண்ட்பிறேக்கைப் பிடிச்சு எடுங்கோ. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போறதெண்டா முதல்ல றிவர்ஸ் போடப் பழகுங்கோ. அஞ்சாம் கியரில இருந்து நேர விழாது. நடுவுக்கு வந்து, கார் முழுசா நிண்ட பிறகு வலப்பக்கம் தள்ளிக் கீழ இழுக்க வேணும், இல்லாட்டிப் பல்லுக் கறகறக்கும். அந்தச் சத்தம் யானைக்குப் பிடிக்காது.