ஆர்ட் வான் டாமும் மலையில் அக்கார்டியனும்

அக்கார்டியனில் ஜாஸ் என்றதும் எனக்கு முதலில் வருகிற பெயர் ஆர்ட் வான் டாம். 1920இல் அமெரிக்காவின் மிச்சிகனில், நார்வே என்ற சிற்றூரில் பிறந்தவர். ஜாஸ் கலைஞர் பென்னி குட்மனின் கிளாரினெட்டைக் கேட்டு, அந்தப் போக்கை அக்கார்டியனுக்குக் கொண்டுவந்தார். 1945 முதல் 1960 வரை சிகாகோவில் என்.பி.சி. வானொலிக் கலைஞர். 2010 பிப்ரவரியில் மறைந்தார்.

அவருடைய ஐவர் குழுவில் வைப்ரஃபோன், கிட்டார், டபுள் பேஸ், டிரம்ஸ். பேஸ் வாசிக்க ஆள் இருப்பதால் அக்கார்டியனின் இடது கைப் பொத்தான்களுக்கு அங்கே வேலை குறைவு. ஆனால் துருத்தியை நடத்துவது அந்த இடது கைதான். சொற்றொடரின் நடுவில் துருத்தி திசை மாறினால் ஸ்வரம் வெட்டுப்படும். எங்கே திரும்புவது என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு வாசிக்க வேண்டும். வான் டாமைக் கேட்கும்போது அந்தத் திருப்பங்கள் காதில் படுவதே இல்லை, அவ்வளவு சுத்தம்.

அடுத்தது ஒலி. பாரிஸ் நடன இசையான மியூசெட் பாணியில் ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு, மூன்று ரீடுகள் (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய எஃகுப் பட்டைகள்) சற்றே விலகிச் சுருதி சேர்க்கப்படும். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் 20 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகினால், ஒலி நொடிக்குச் சுமார் ஐந்து முறை அலைபோல் ஏறி இறங்கும். ஜாஸுக்கு அந்த அலை ஆகாது. எந்த ரீடுகள் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ரெஜிஸ்டர் சுவிட்சில், வட்டத்தின் நடுக்கட்டத்தில் மட்டும் புள்ளி இருந்தால் அந்த ஒலிக்குப் பெயர் கிளாரினெட், கீழ்க்கட்டத்தில் இருந்தால் பசூன். இரண்டும் சேர்ந்தால் பாண்டோனியன். ஜாஸ் கற்பவர்கள் இந்த மூன்றோடு நின்றுகொள்வது நல்லது.

பெல்ஜியத்தில் பிறந்து பாரிஸில் ஸ்விங் வாசித்த கஸ் விசர், 1957இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்த பார்வையற்ற கலைஞர் லியோன் சாஷ், அர்ஜென்டினா டாங்கோ இசையமைப்பாளர் பியாசோலாவின் யோசனைப்படி மியூசெட்டைப் புதுப்பித்த ரிச்சர்ட் கலியானோ ஆகியோரையும் தேடிக் கேளுங்கள். நம் நாட்டில் இந்தி சினிமா இசைக்குழுக்களில் குடி சீர்வை, ஈனாக் டேனியல்ஸ், கெர்சி லார்ட்.

அலையில்லாத சுருதிக்கு ஒரு தொல்லை உண்டு. மியூசெட்டில் சிறு பிசகு அலையோடு அலையாக மறைந்துவிடும்; பசூனும் கிளாரினெட்டும் ஒரு ஸ்தாயி தள்ளிச் சேரும்போது அதே பிசகு பளிச்சென்று கேட்கும். நீலகிரியில் பிசகுக்குப் பஞ்சமில்லை. கூடலூர், தேவாலா பக்கம் ஜூனிலிருந்து மழை, குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர். ரீடு எஃகு, ஈரம் பட்டால் துரு. துருவைச் சுரண்டினாலும் சுருதி நகரும்: நுனியில் உலோகம் குறைந்தால் ஏறும், அடியில் குறைந்தால் இறங்கும். ரீடில் எண்ணெயோ ஸ்பிரேயோ படவே கூடாது.

ஊட்டிக் குளிரில் கிடந்த கருவியை ஆட்கள் நிறைந்த அறையில் உடனே திறந்தால் ரீடுகளில் வியர்க்கும். அரை மணி நேரம் பெட்டியை மூடியே வையுங்கள். அதற்காகக் கணப்பு அருகே வைத்துவிடாதீர்கள். ரீடுத் தகடுகளைப் பிடித்திருப்பது தேன்மெழுகும் ரோசினும்தான். சூட்டில் இளகும், கடுங்குளிரில் விரிசல் விடும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் காயவையுங்கள். கருவியைப் படுக்கப்போடாமல், மார்பில் மாட்டியிருக்கும் நிலையிலேயே நிமிர்த்தி வைத்தால் ரீடின் தோல் நாக்குகள் (ஒலிக்காத ரீடு வழியே காற்றுக் கசியாமல் மூடும் தோல் பட்டைகள்) தொங்கி வளையாது.

இழுக்கும்போது சரியாக ஒலிக்கும் ஸ்வரம் அழுத்தும்போது மட்டும் தாமதித்து, சீறலோடு வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தத் தோல்தான். ஒவ்வொரு திசைக்கும் தனி ரீடு, தனித் தோல். அதை மட்டும் மாற்றினால் போதும், முழுச் சுருதி சேர்ப்புக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.