நடுவர் மேசைக்கு முதுகு காட்டி ஆடியவர்கள்

நடனப் போட்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். முன்வரிசையில் இடம் பிடிக்க அடிபடாதீர்கள். மேடையும் நடுவர் மேசையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரிப் பக்கவாட்டில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஆடியதை யாராவது ஒரு அம்மா கைபேசியில் எடுத்திருப்பார், பிறகும் பார்க்கலாம். நடுவர்களின் முகத்தையும் அவர்கள் பேனை போகிற போக்கையும் யாரும் எடுப்பதில்லை.

மாகாண மட்டத்தில் இளையோருக்கான நடனப் போட்டி, சனியும் ஞாயிறும், திருகோணமலையில். மட்டக்களப்பிலிருந்து எங்கள் பிள்ளைகள் போன பஸ்ஸில் நானும் தொற்றிக்கொண்டேன். அக்காவின் மகள் பரதக் குழுவில் இருக்கிறாள். "சின்னம்மா, நீங்க வந்தா அம்மா வரமாட்டா, அது எனக்கு நல்லம்" என்பதுதான் அவள் எனக்குத் தந்த அழைப்பிதழ்.

அதே பஸ்ஸில், வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து, வசந்தன் என்ற கோலாட்டம் ஆடும் பொடியன்களும் அவர்களுக்கு ஆட்டம் பழக்குகிற அண்ணாவியாரும் ஏறினார்கள். பெண் பிள்ளைகள் முன்னால் பெட்டியும் பூவும் தலைச்சாமானுமாக அடுக்கி வைத்திருக்க, பின் சீட்டில் கோல்கட்டுகளும் மத்தளமும். வாழைச்சேனை தாண்டுமுன்னரே பாட்டு தொடங்கிவிட்டது. "சும்மா இருங்க மனே, தொண்டைய வெச்சிருங்க" என்று அண்ணாவியார் வாகரை வரை சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரும் சேர்ந்து பாடினார்.

கரையோர வீதியால் போவது எனக்கு எப்போதும் பிடிக்கும். வாகரைக்கு அப்பால் வெருகல் ஆறு. மகாவலியின் ஒரு கிளை அது, இரண்டு மாவட்டங்களுக்கும் எல்லை. பிறகு ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியா. மிதவைப் பாதையில் வாகனத்தை ஏற்றி, மற்றக் கரைக்குப் போகக் காத்துக் கிடந்த காலம் எங்கள் வயதுக்காரருக்கு மறக்காது. 2009-ல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர் நீளம். பஸ் அதைக் கடந்த வேகத்தில் பின் சீட்டுப் பொடியன்கள் ஒருவரும் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. அந்த மிதவைப் பாதை எப்படி இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

மண்டபம் நகருக்குள்ளேயே. கச்சான் காற்று வீசுகிற காலம். வெளியே நின்றால் முகத்தில் சூடு அடிக்கும். உள்ளே மின்விசிறிகள் இருக்கிற சூட்டையே சுழற்றிக்கொண்டிருந்தன. முகத்துக்குப் பூசிய பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு ரீச்சர்மார் பேப்பர் மட்டையால் விசிறிக்கொண்டு நின்றார்கள். நிகழ்ச்சி ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தது. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிந்து முதல் சலங்கை ஒலிக்கப் பதினொன்றாகிவிட்டது. இதைப் பற்றி எழுதி ஒரு பலனும் இல்லை.

நடுவர்கள் மூன்று பேர். முதலாமவர் ஓய்வுபெற்ற நடன ஆசிரியை, வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகள் எழுதி வளர்ந்த தலைமுறை. கொண்டை போட்டு, கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்திருந்தார். அடுத்தவர் பல்கலைக்கழகத்தில் நடனம் படிப்பிக்கிறவர். மூன்றாமவர் இளைஞர். சினிமாப் பாட்டுக்கும் கலப்பு நடனத்துக்கும் ஆட்டம் அமைத்துப் பெயரெடுத்தவர். தாளம், அடவுச் சுத்தம், பாவம், ஆடை ஒப்பனை, மேடைப் பயன்பாடு என்று புள்ளித்தாளின் தலைப்புகளை அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் வாசித்தார். கடைசித் தலைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைச் சுற்றித்தான்.

சனிக்கிழமை பரதம். பக்கக் கதிரையிலிருந்து பார்த்ததில் முதலில் விளங்கியது, மூன்று பேரும் மூன்று உயரத்தில் பார்க்கிறார்கள் என்பது. ஆசிரியையின் கண் இடுப்புக்கு மேலே ஏறவே இல்லை. முழங்காலை மடித்துப் பாதி இருந்து ஆடுகிற அரைமண்டியைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் வடிவாக இருந்துதான் ஆடும். களைக்கக் களைக்க முழங்கால் நிமிரும். தில்லானா முடிகிற நேரம் பாதிப் பேர் நின்றுகொண்டு ஆடுவார்கள். அது நிமிர்கிற இடம் வந்ததும் அவருடைய பேனை அசைந்தது, ஒவ்வொரு முறையும். விரிவுரையாளர் கையையும் கண்ணையும் பார்த்தார். கை போகிற இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது அபிநயத்தின் அரிச்சுவடி. அதில் தவறிய பிள்ளைகளுக்கு அவர் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு. இளைஞர் பின்னால் சாய்ந்து, முழு மேடையையும் ஒரே படமாகப் பார்த்தார். யார் வரிசையிலிருந்து விலகுகிறார், யார் வெளிச்சத்துக்கு வெளியே போகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரிந்தது.

ஒரு தனி நடனம். மிஸ்ர அலாரிப்பு, ஏழு எண்ணிக்கை. பதினான்கு பதினைந்து வயது இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. நடுவில் ஓரிடத்தில் ஒரு எண்ணிக்கை தவறிவிட்டது. நட்டுவாங்கத்துக்கு ஆள் இருந்து, தட்டுக்கழியோடு பக்கத்தில் குரு உட்கார்ந்திருந்தால், காலைப் பார்த்துக்கொண்டே ஒரு சொல்லை இழுத்தோ அழுத்தியோ பிள்ளையைத் திரும்பப் பிடித்துவிடுவார். பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் நிற்காது. பிள்ளை ஓடி ஓடிப் பிடிக்கப் பார்த்தாள். கடைசி வரை ஒரு எண்ணிக்கை பின்னால்தான். மேசையில் ஆசிரியையின் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவரும் பாட்டை விட்டுவிட்டு அந்தப் பிள்ளையின் தாளத்துக்குப் போனதைக் கண்டேன். புள்ளி என்ன போட்டார் என்று தெரியாது. என் கருத்தைக் கேட்டால், இளையோர் போட்டிகளில் ஒரு பிரிவுக்காவது நேரடி நட்டுவாங்கம் கட்டாயம் என்று வைக்க வேண்டும். செலவு என்பார்கள். தலைச்சாமான் வாடகைக்குச் செலவழிப்பதில் பாதி போதும்.

எங்கள் குழு மூன்றாமிடம். அக்காவின் மகள் ஒரு மணித்தியாலம் பேசவில்லை. அதன் பிறகு பசிக்கிறது என்றாள்.

பொழுது சாய எல்லோரையும் கூட்டிக்கொண்டு கோணேஸ்வரத்துக்குப் போனோம். பிரட்றிக் கோட்டை வாசலால் உள்ளே நடந்தால் வழியெல்லாம் புள்ளிமான்கள். கூச்சமில்லாத மான்கள். ஒரு பிள்ளையின் பின்னலில் வாடிக் கிடந்த கனகாம்பரத்தைக் கடிக்கப் பார்த்தது ஒன்று. மேலே சுவாமி மலையின் விளிம்பில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைக் குனிந்து பார்க்க எல்லோருக்கும் ஆசை, எங்களுக்கோ எண்ணிக்கை பார்த்துக் களைப்பு. இந்த மலையிலிருந்த பழைய கோவிலைப் போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்தார்கள். சம்பந்தர் இந்தத் தலத்தின் மீது பாடிய பதிகம் கழலின் அரவத்தோடும் சிலம்பின் ஒலியோடும்தான் தொடங்குகிறது. எங்களோடு வந்த ரீச்சர் அதைப் பாடிக் காட்டினார். கணுக்காலில் சலங்கை அழுத்திய தழும்பைத் தடவிக்கொண்டு பிள்ளைகள் கேட்டார்கள். அதில் இரண்டு பேர் உண்மையாகவே கேட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும். தங்கியது ஒரு பாடசாலை வகுப்பறையில், பாய் விரித்து. நுளம்பு பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஞாயிறு காலை கிராமிய நடனம். கும்மி, கரகம், காவடி, செம்பு நடனம் எல்லாம் வந்து போயின. பெரும்பாலானவற்றில் ஆட்டம் கிராமத்திலிருந்து வந்திருந்தது, சிரிப்பு தொலைக்காட்சியிலிருந்து வந்திருந்தது. அதன் பிறகு கிண்ணியாப் பக்கத்து இளைஞர்களின் களிகம்பு, அதற்கு அடுத்ததாக எங்கள் பஸ்ஸில் வந்த வசந்தன்.

இரண்டும் கோல் அடித்து ஆடுகிற ஆட்டம், இரண்டும் வட்டத்தில் சுற்றுகிற ஆட்டம். ஒன்று கிழக்கு முஸ்லிம்களுடையது, மற்றது மட்டக்களப்புத் தமிழருடையது. வட்டம் என்றால் எந்த நேரமும் பாதிப் பேரின் முதுகுதான் நடுவருக்குத் தெரியும்.

களிகம்புக்காரர் இதை யோசித்துக்கொண்டு வந்திருந்தார்கள். வட்டத்தை முன்பக்கம் திறந்து பிறை வடிவில் நின்று, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முகம் காட்டிவிட்டு மூடிக்கொண்டார்கள். கம்புகள் உரசுகிற சத்தம் ஒரே சத்தமாக விழுந்தது. மேசையில் மூன்று பேனையும் ஓடின. இளைஞர் தலையாட்டி ரசித்தார்.

வசந்தன் பொடியன்கள் எதையும் திறக்கவில்லை. மத்தளமும் சல்லரியும் ஒரு ஓரத்தில், அண்ணாவியாரின் பாட்டு, பின்பாட்டு. பொடியன்கள் உள்நோக்கி முகம் வைத்து, ஊரில் ஆடுகிற மாதிரியே சுற்றிச் சுற்றி அடித்தார்கள். அடி அவ்வளவு சுத்தம். ஒருவனுக்குக் கோல் கைநழுவிப் போய் மேடைக்குக் கீழே விழுந்தது. அவன் வெறுங்கையை நீட்டினான், அடுத்தவன் அந்தக் கையில் அடிக்காமல் காற்றில் அடித்துத் தாளத்தைக் காப்பாற்றினான். நான் இருந்த பக்கத்திலிருந்து அது துலக்கமாகத் தெரிந்தது. மேசையிலிருந்து பார்த்தால் நான்கு முதுகுகள்தான் தெரிந்திருக்கும்.

ஊரில் கூத்தாடுகிற வட்டக்களரியில் இந்தச் சிக்கலே இல்லை. மண்ணை உயர்த்திக் கட்டிய களரி, மேலே வெள்ளை கட்டி, சுற்றிவர வெளிச்சம், சனம் நாலா பக்கமும். யாருக்கும் முன்பக்கம் இல்லை. ஆட்டக்காரன் யாருக்கு முதுகைக் காட்டினாலும் இன்னொருவருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பான். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, விடிய விடிய ஆடுவதைச் சுருக்கியதோடு ஆட்டத்தையும் ஒருபக்கப் பார்வைக்குத் திருப்ப வேண்டியிருந்தது. அதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள், அதனால்தான் கூத்துப் பிழைத்தது என்றவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர் யோசித்துத் திருப்பினார். போட்டிகளிலோ யாரும் யோசிக்காமலே திரும்பிக்கொண்டிருக்கிறது. 'மேடைப் பயன்பாடு' என்று தாளில் ஒரு வரி, மேடைக்கு நேரே ஒரு மேசை. அடுத்த வருடம் எல்லா அண்ணாவிமாரும் பிறை வைப்பார்கள். அதற்கடுத்த வருடம் வட்டம் போட்ட ஊரிலும் பிறைதான் ஆடும். எந்த நடுவரும் அப்படிச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கமாட்டார்.

களிகம்பை நான் குறை சொல்லவில்லை, அந்தப் பிறை நல்ல கற்பனை. கிராமிய ஆட்டத்துக்கும் பரதத்துக்கும் ஒரே தாளில் புள்ளி போடுவதைத்தான் சொல்கிறேன். மூன்று நடுவரில் ஒருவராவது கூத்துக்களரியில் மிதித்தவராக இருந்திருக்க வேண்டும்.

பாதி ஆட்டத்தில் ஒன்று நடந்தது. ஆசிரியை புள்ளித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடையின் பக்கப் படிக்கட்டுக்கு நடந்து போனார். ஏற்பாட்டாளர் ஒருவர், தண்ணீர் வேண்டுமாக்கும் என்று போத்தலோடு பின்னால் ஓடினார். ஆசிரியை படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரைக்குப் பின்னால் போய் மற்றப் பக்கத்தால் வந்தார். திரும்ப வந்து உட்கார்ந்ததும் விரிவுரையாளர் அவரிடம் ஏதோ கேட்க, இவர் கையால் வட்டம் போட்டுக் காட்டினார். இளைஞர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிவு: களிகம்பு முதலாமிடம், வசந்தன் இரண்டாமிடம். ஒரு புள்ளியோ அரைப் புள்ளியோ வித்தியாசம் என்று மண்டபத்தில் கதை அடிபட்டது. கிண்ணியாப் பொடியன்கள் எங்கள் பொடியன்களிடம் வந்து கோல்களை வாங்கிப் பார்த்தார்கள். என்ன மரம் என்று விசாரணை. பெரிய ஆட்கள் புள்ளிக் கணக்கு பார்த்துக்கொண்டிருக்க, அங்கே மூலையில் இரண்டு குழுவும் கலந்து அடித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டன. அடி ஒத்துவரவில்லை, ஆளுக்காள் சிரித்துக்கொண்டார்கள்.

ஆசிரியை அண்ணாவியாரைத் தேடி வந்தார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"ஐயா, பாதி நேரம் பிள்ளையளின்ட முகம் எனக்குத் தெரியேல்ல. அதான் எழும்பி வந்தனான். கோல் விழுந்தவனை அங்கயிருந்துதான் கண்டன். மற்றவைக்கு அது தெரியாது. நான் சொன்னனான், ஆனா காணாததுக்கு அவையும் எப்பிடிப் புள்ளி போடுறது?"

"அது சரிதான் அம்மா. நீங்க எழும்பி வந்ததே பெரிய விசயம்."

"அடுத்த முறை கொஞ்சம் திறந்து ஆடப் பாருங்கோவன்."

அண்ணாவியார் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "பார்ப்பம் அம்மா. நாங்க கொஞ்சம் திறக்கிறம். நீங்க ஆக்களிட்டச் சொல்லி, மேசைய மூணாப் பிரிச்சு மூணு பக்கமும் போடச் சொல்லுங்க."

ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து அதை எழுதியும் கொண்டார். ஏற்பாட்டாளரிடம் கொடுப்பாரா, கொடுத்தாலும் அவர்கள் செய்வார்களா என்பது அடுத்த வருடம் போனால்தான் தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு: கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு இரவு ரயில் உண்டு, கல்லோயாச் சந்தியில் பிரிந்து வருகிற பாதை. மட்டக்களப்பு ஆட்கள் கரையோர வீதியால் பகலில் வாருங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் பார்ப்பதென்றால் போட்டி நடக்காத நாளில் போங்கள். எங்களைப் போல ஞாயிறு பின்னேரம் போகலாம் என்று நினைத்தால், பரிசளிப்பு உரைகள் அதற்கு விடாது.