பெயர் போன மாத்திரை அட்டை

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது இருபது நிமிட வேலை. அதற்குப் பிறகு வந்த மூன்று நாள்கள்தான் என்னைப் படுத்தியெடுத்தன.

மருத்துவர் எழுதியவை நான்கு: கிருமிக்கு ஆன்டிபயாட்டிக்காக அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த 625 மில்லிகிராம் இரண்டு வேளை, மெட்ரோனிடசோல் 400 மூன்று வேளை, வலிக்கு அசிக்ளோஃபெனாக் 100 உடன் பாரசிட்டமால் 325 சேர்ந்தது இரண்டு வேளை, வயிற்றுக்குக் காலையில் ஒரு பான்டோபிரசோல். கடைசியாகச் சொன்னது இருப்பில் இல்லை என்றார்கள். நானும் அதைத் தேடி இன்னொரு கடைக்குப் போகவில்லை.

இரண்டாம் நாள் இரவு வலி தாங்காமல் தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன். கடைப் பையன் அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளை வெட்டிக் காகித உறையில் போட்டுக் கொடுத்தான். ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறேனே, ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுண்ணா" என்றான். அவன் சொன்னதில் பொய்யில்லை. வேறு வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவனும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

மறுநாள் வயிறு எரிந்தது. ஆன்டிபயாட்டிக்கின் சூடு என்று நானே முடிவுகட்டி, மோரைக் குடித்துவிட்டு, அமாக்சிசிலினை மட்டும் இரண்டு வேளை நிறுத்தினேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இருக்க முடியாது. கன்னம் வீங்கி உடம்பும் சுட்டதால், வீட்டிலிருந்த பாரசிட்டமால் 650ஐயும் மூன்று வேளை போட்டுக்கொண்டேன்.

என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்க அந்த மெடிக்கலுக்கே மறுபடி நடந்தேன். உறையிலிருந்த துண்டில் வணிகப் பெயர் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. "பில் இருக்கா?" என்றார்கள், நான் வாங்கவில்லை. வீணான அலைச்சல்.

பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த கடையில் ஒரு மருந்தாளுநர் அம்மாதான் பொறுமையாகப் பார்த்தார். நான் கொண்டுபோன மூன்று வலி, காய்ச்சல் மாத்திரை அட்டைகளையும் கண்ணாடி மேசையில் பின்பக்கமாகத் திருப்பி வைத்து, வெட்டுப்பட்ட துண்டின் ஓரத்தில் மிஞ்சியிருந்த பொடி எழுத்தைப் பேனா முனையால் காட்டினார்: டைக்ளோஃபெனாக் 50, பாரசிட்டமால் 325. அசிக்ளோஃபெனாக்கும் இதுவும் ஒரே குடும்பம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் வயிற்றைப் புண்ணாக்கும். பாரசிட்டமாலோ மூன்று அட்டையிலும் இருந்தது. அன்று ஒரே நாளில் நான் விழுங்கியதை அவர் கூட்டியபோது 3,575 மில்லிகிராம் வந்தது. பெரியவர்களுக்கான உச்ச அளவே 4,000தான். கல்லீரல் பழுதானவர்களுக்கு அதுவும் ஆகாது.

நான் பழி சுமத்திய அமாக்சிசிலினுக்கும் பாரசிட்டமாலுக்கும் சண்டையே இல்லையாம். ஆனால் எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் அப்படி நம்பிவிடக் கூடாது, சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகையோடு இந்த வலி மாத்திரைகளைச் சேர்த்தால், வலிப்பு வரும் வாய்ப்புள்ளவர்களுக்கு ஆபத்து கூடும் என்றார். பிறகு, "இரத்த அழுத்தத்துக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா சார்?" என்று கேட்டார். டெல்மிசார்டன் என்றதும் முகம் மாறியது; அதோடு இவை சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமையாம். பல் மருத்துவரிடம் நான் இதைச் சொல்லியிருக்கவில்லை. மலம் கறுத்துப் போனால் ஒரு நாள்கூடக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். நல்லவேளை, அது வரை போகவில்லை.

அன்று மாலையே மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து, வலிக்குப் பாரசிட்டமாலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வலி மாத்திரைகளை நிறுத்தினார். ஆன்டிபயாட்டிக்கை விட்டுப்போன வேளைக்காக இரட்டையாக விழுங்கக் கூடாது, வழக்கமான நேரத்துக்கே தொடர வேண்டும் என்றும் சொன்னார்.

வரும் வழியில் அதே தெருமுனை மெடிக்கலில் பாரசிட்டமால் கேட்டேன். பையன் கத்தரியை எடுத்தான். முழு அட்டையாகக் கொடு, பில்லும் போடு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டான்.