என் புள்ளி 71.25 அல்ல, 65

இதை எழுதும்போதுகூட அந்தக் காகிதம் என் மேசையில்தான் இருக்கிறது. சிவப்பு மையில் 71.25 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் "போதாது" என்று ஒருவர் எழுதிக் கொடுத்த காகிதம். அதற்கு அம்மா கொடுத்தது 120 வெள்ளி. என்னைப்போல் சிங்கப்பூரில் இந்த ஆண்டு ஏ லெவல் (தொடக்கக் கல்லூரி இறுதித் தேர்வு) முடிவை வாங்கிக்கொண்டு, "பல்கலைக்கழகத்துக்கு இது போதுமா?" என்று தூங்காமல் கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் முடிவு இது. (எச்2 என்பது முழுப் பாடம், எச்1 அதில் பாதி அளவு, ஜிபி என்பது பொதுத்தாள்.) எச்2 தமிழ் மொழியும் இலக்கியமும் ஏ. எச்2 பொருளியல் பி, எச்2 வரலாறு பி. எச்1 கணிதம் டி. ஜிபி ஏ. முடிவைக் கையில் வாங்கியபோது என் கண் நேராக அந்த டியில்தான் போய் நின்றது. ஜிபியில் ஏ வாங்கியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்து அப்பா உரக்கப் படித்தபோதுதான் மனத்தில் ஏறியது.

அன்று இரவே மாமா தொலைபேசியில் வந்துவிட்டார். "மொத்தம் எவ்வளவும்மா? 80க்குக் கீழே இருந்தா என்யுஎஸ் பக்கம் போகாதே, தேவையில்லாம மனசு உடைஞ்சு போகும்." என்யுஎஸ் என்றால் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம். மாமா நல்லவர். அவர் மகன் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் விண்ணப்பித்தபோது கேட்டறிந்ததை அப்படியே சொன்னார். ஆனால் அப்போது மொத்தம் 90. இந்த ஆண்டு மொத்தமே 70. எழுபதுக்கு எண்பது யாராலும் வாங்க முடியாது என்பது அந்த நேரத்தில் எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு இரண்டு ஆண்டுகளாகப் பள்ளியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

மறுநாள் அம்மா தனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு துணைப்பாட நிலையத்தில் "பல்கலைக்கழக ஆலோசனை"க்கு நேரம் வாங்கினார். அரை மணி நேரம். அங்கே இருந்தவர் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டவணையை மேசையில் வைத்தார். என் முடிவைப் பார்த்துக் கணிப்பானில் தட்டத் தொடங்கினார். இருபது, பதினேழரை, பதினேழரை. ஜிபிக்குப் பத்து. கணிதம் டிக்கு 6.25. ப்ராஜெக்ட் ஒர்க், அதாவது குழுவாகச் செய்யும் திட்டப் பாடம், என்ன என்று கேட்டார். "பாஸ்" என்றேன். "பாஸ்னா கிரேடு இல்லையா? அப்ப அதுக்கு ஒண்ணும் போட முடியாது" என்றார். கூட்டினால் 71.25. அட்டவணையின் அடியில் 90 என்று இருந்தது. 71.25ஐ அந்தத் தொண்ணூறுக்கு எதிரே வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பெரிய பல்கலைக்கழகம் கஷ்டம். விண்ணப்பத்தை வீணாக்காம வேற வழி பாருங்க" என்றார். தனியார் பட்டப்படிப்புக்கான கையேடு இரண்டையும் அம்மாவின் கையில் கொடுத்தார்.

ரயிலில் யீஷூன் வரும்வரை அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "கணக்குக்கு இன்னும் கொஞ்சம் டியூஷன் வச்சிருக்கணும் கண்ணு, என் தப்புதான்" என்றார். யாரோ செய்த தப்பான கூட்டலுக்கு என் அம்மா தன்னை நொந்துகொண்டார் என்பதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு பல்கலைக்கழகத்தின் திறந்தநாளுக்குப் போனோம். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை விடுங்கள். ரயிலும் பஸ்ஸுமாக ஒன்றேகால் மணி நேரம், வரிசையில் நாற்பது நிமிடம். என்னிடம் இருந்தது ஒரே கேள்வி: "எச்1 கணிதத்தில் டி. இந்த ஆண்டு அதைச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா?" முகப்பில் இருந்தவர் என் தாளைப் பார்க்கவே இல்லை. "போன வருஷ அட்டவணை இணையத்தில் இருக்கிறது, விண்ணப்பித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்றவரை அழைத்தார். சேர்க்கை பற்றிய விளக்கக் கூட்டம் மாடியில் நடந்துகொண்டிருந்தது, ஆனால் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். அப்பா அன்று வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தார். போகிறவர்கள் தயவுசெய்து விளக்கக் கூட்டங்களுக்கு முன்கூட்டியே பதிந்துவிட்டுப் போங்கள். முகப்பில் நின்று உங்கள் மதிப்பெண் போதுமா என்று கேட்பதில் பலன் இல்லை. யாரும் சொல்ல மாட்டார்கள்.

என்னைக் கரையேற்றியது பணம் வாங்காத ஓர் ஆள். என் தமிழாசிரியர். திங்கட்கிழமை எங்கள் தொடக்கக் கல்லூரிக்குப் போய் உணவகத்தில் அவர் எதிரே உட்கார்ந்து அந்தச் சிவப்பு மைக் காகிதத்தை நீட்டினேன். ஆசிரியர் அதைப் பார்த்ததும் முகம் மாறினார். "யாரும்மா இப்படிப் போட்டது?" என்றார். பிறகு தேநீர்க் கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதே காகிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார்.

எச்2 மூன்று: 20 + 17.5 + 17.5. ஜிபி ஏ: 10. மொத்தம் 65. எழுபதுக்கு அறுபத்தைந்து.

"இவ்வளவுதான் கணக்கு" என்றார். 2026 சேர்க்கையிலிருந்து சேர்க்கைப் புள்ளி என்பது மூன்று எச்2 பாடங்களும் ஜிபியும் மட்டும். ப்ராஜெக்ட் ஒர்க்கில் தேறினால் போதும், அதற்குப் புள்ளி கிடையாது. நான்காவது பாடம் உங்கள் புள்ளியை உயர்த்தினால்தான் சேரும், இறக்கினால் சேராது. என் கணிதத்தைச் சேர்த்துப் பார்த்தோம். அதற்கான பத்தும் சேர்வதால் மொத்தம் 80 ஆகிறது, அதைத் திரும்ப எழுபதுக்குக் கொண்டுவர வேண்டும்: 71.25ஐ 80ஆல் வகுத்து 70ஆல் பெருக்கினால் 62.34. இறங்குகிறது. ஆகவே அந்த டி கணக்கிலேயே வராது. நான் மூன்று இரவு அழுத அந்த டி!

பழைய முறையிலும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ப்ராஜெக்ட் ஒர்க்கில் ஏ கிடைத்திருந்தால் என்று வைத்துக்கொண்டால் 90க்கு 81.25 வருகிறது. மாமா சொன்ன எண்பதைக்கூடத் தாண்டுகிறது. அந்த நிலையத்தில் செய்தது, புதிய முறைத் தாளை எடுத்துப் பழைய முறைத் தொண்ணூறால் அளந்தது. பத்து புள்ளிக்கான பாடத்தைக் கூட்டலில் விட்டுவிட்டு, மொத்தத்தில் மட்டும் அதை வைத்திருந்தார்கள்.

எச்1 தமிழ் எடுத்தவர்கள் இதைக் கவனியுங்கள். தாய்மொழியும் அப்படித்தான்: புள்ளியை உயர்த்தினால் மட்டும் சேரும். என் தோழிக்கு மூன்று எச்2வும் ஜிபியும் சேர்த்து 60. எச்1 தமிழில் ஏ. சேர்த்தால் 70ஐ 80ஆல் வகுத்து 70ஆல் பெருக்கி 61.25. ஒன்றேகால் புள்ளி சும்மா வருகிறது. அவள் அதைக் கூட்டாமலே தன்னைக் குறைத்து எடைபோட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, 65 என்று தெரிந்துவிட்டது. அது போதுமா?

இங்கேதான் ஐஜிபி அட்டவணையை, அதாவது முந்தின ஆண்டு இடம் கிடைத்தவர்களின் கிரேடுகளைப் பல்கலைக்கழகம் காட்டும் அட்டவணையை, ஒழுங்காகப் படிக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒவ்வொரு படிப்புக்கும் பத்தாவது பெர்சன்டைல், தொண்ணூறாவது பெர்சன்டைல் என்று இரண்டு வரி இருக்கும். எங்கள் வீட்டில் எல்லாரும் பத்தாவது வரியை வாசற்படி என்று நினைத்தோம். அதற்குக் கீழே இருந்தால் உள்ளே விட மாட்டார்கள் என்று. ஆசிரியர் இப்படிச் சொன்னார்: "முந்தின வருஷம் இடம் கிடைச்ச நாற்பது பேரை வரிசையா நிக்க வை. கடைசி நாலு பேரோட மதிப்பெண் அந்த வரியில இருக்கு, இல்லைன்னா அதுக்கும் கீழே இருக்கு. அந்த நாலு பேருக்கும் இடம் கிடைச்சிருக்கு." எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அது கோடு இல்லை. போன ஆண்டு வந்து சேர்ந்தவர்களின் தடம்.

இன்னொன்று. அட்டவணையில் இருப்பவை எழுத்துகள்: மூன்று எச்2, சாய்கோடு, ஓர் எச்1. என் எழுத்துகள் ஏ, பி, பி, சாய்கோடு, டி. நான் பார்த்த வரியின் கடைசி எழுத்து என்னுடையதைவிட மேலே இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் இடிந்துபோனேன். ஆனால் அந்த எழுத்துகளில் ஜிபி இல்லவே இல்லை. என் கையில் இருந்த அந்த நல்ல கிரேடு அட்டவணையில் தெரியவே தெரியாது. மிக மோசமான கிரேடு தெரியும். மேலும் நாங்கள் பார்த்தது எச்1 கட்டாயமாகக் கூட்டப்பட்ட ஆண்டின் அட்டவணை. எந்த ஆண்டுச் சேர்க்கைக்கானது என்பதை அட்டவணையின் தலைப்பில் முதலில் பாருங்கள். பிறகு எழுத்தைப் பாருங்கள்.

எல்லாப் படிப்புக்கும் இந்த ஆறுதலைச் சொல்ல மாட்டேன். மருத்துவம், சட்டம் போன்றவற்றில் என்யுஎஸ் அட்டவணையின் இரண்டு வரியிலும் நாலு ஏதான் பல ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. அங்கே நாலு ஏ வைத்திருப்பவர்களுக்கே நேர்காணலில்தான் போட்டி. உண்மையை உண்மையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வேண்டியது உளவியல். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்டியூவில் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) உளவியலுக்கு நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே அந்த வரி உளவியல் மாணவர்களுடையது மட்டும். என்யுஎஸ்ஸில் மனிதவியல், அறிவியல் கல்லூரிக்குள் முதலில் நுழைந்து, முதன்மைப் பாடத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். அந்த வரி கல்லூரி முழுவதற்கும் பொது. இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது சுலபம், அது கஷ்டம்" என்று முடிவு கட்டாதீர்கள். மூன்றாவதாக எஸ்எம்யூவையும் (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) போட்டேன்.

மதிப்பெண்ணோடு திறமையையும் ஈடுபாட்டையும் பார்க்கும் திறன்சார் சேர்க்கைக்கும் எழுதினேன். மதிப்பெண் விளிம்பில் இருப்பவர்கள் இதை விடவே கூடாது. மூன்று ஆண்டுகளாக எங்கள் வட்டாரத்தில், புளோக்கின் கீழ்த்தளத்தில், பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் தமிழ் வாசிப்புச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதற்கு ஒரு கடிதம் வேண்டும். அதை நடத்திய அமைப்பின் அலுவலகத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். முகப்பில் இருந்தவர் பதிவேட்டைத் திறந்தார், என் பெயர் இல்லை. முதல் ஆண்டுப் பதிவு வேறு கோப்பில் இருக்கிறதாம், அந்தக் கோப்பு யாரிடம் என்று தெரியாதாம். "மின்னஞ்சல் அனுப்புங்க, பதினாலு வேலைநாள் ஆகும்." விண்ணப்பத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அதைச் சொன்னேன். "எல்லாரும் கடைசி நேரத்துலதான் வர்றீங்க" என்றார். மூன்று ஆண்டு, ஒரு சனிக்கிழமை தவறாமல் போன எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

அன்றிரவு பழைய வாட்ஸ்அப் குழுவைத் தோண்டி, அப்போது எங்களை ஒருங்கிணைத்த அக்காவைப் பிடித்தேன். இப்போது வேறு வேலையில் இருக்கிறார். "கடிதம் என்னால தர முடியாது, ஆனா என் பேரைக் குடு, யார் கேட்டாலும் நான் பேசறேன்" என்றார். கூடவே ஒரு படம் அனுப்பினார்: கல்மேசையைச் சுற்றி ஆறு பிள்ளைகள், நடுவில் நான், ஒரு குட்டிப் பையன் என் சட்டைக்கையைப் பிடித்து இழுக்கிறான். தேதி படத்தின் மூலையில். நான் விண்ணப்பித்த இடத்தில் என்னை அறிந்தவர் ஒருவரின் விவரம் கேட்டிருந்தார்கள், அக்காவின் பெயரை எழுதினேன். கடிதங்களை முடிவு வந்த பிறகு தேடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் வாங்கி வைத்துவிடுங்கள்.

விண்ணப்பம் நிரப்பியது சிங்பாஸில் (அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு) நுழைந்து ஒரு மணி நேர வேலை. ஒரே ஒரு இடத்தில்தான் கை நின்றது. பயத்தில் முதல் விருப்பத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு படிப்பைப் போட்டிருந்தேன், "கட்டாயம் கிடைக்கும்" என்பதற்காக. அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கிடைச்சா போவியா?" என்று கேட்டார். "போக மாட்டேன்" என்றேன். "அப்புறம் ஏம்மா மேல போட்டிருக்க?" மாற்றினேன்.

ஒரு நேர்காணல் வந்தது. இருபது நிமிடம். பாதி நேரம் அந்தக் குட்டிப் பையனைப் பற்றித்தான் பேசினேன். மதிப்பெண்ணைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிறகு காத்திருப்பு. எஸ்எம்யூவிலிருந்து எதுவும் வரவில்லை. என்டியூ உளவியல் கிடைக்கவில்லை, வருத்தம்தான், மறைக்க மாட்டேன். என்யுஎஸ் மனிதவியல், அறிவியல் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபோது நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியை இரண்டு முறை அணைத்துத் திறந்து பார்த்தேன். அம்மாவை அழைத்தேன், வேலையில் இருந்ததால் எடுக்கவில்லை. அப்பாவை அழைத்தேன், வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. ஆசிரியருக்கு ஒரே வரி அனுப்பினேன்: "ஆசிரியர், 65 போதுமாம்."

பல்கலைக்கழகங்களின் கூட்டு ஏற்புத் தளத்தில் இடத்தை ஒப்புக்கொள்ளும் பொத்தானை அன்றிரவு அம்மாதான் அழுத்தினார். அழுத்தும் முன் மூன்று முறை என் பெயரைச் சரிபார்த்தார். அந்தச் சிவப்பு மைக் காகிதத்தைக் கிழித்துப் போடப் போனவரிடம் வேண்டாம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன், பின்பக்கத்தில் ஆசிரியரின் பென்சில் கணக்கு இருக்கிறதே.