கன்ட்ரோலரைக் கழற்றும் முன் 60 ஓம்

மானிட்டரில் "கம்யூனிகேஷன் எரர்" என்று வந்து வண்டி நின்றுவிட்டால், குவாரியில் முதலில் கிளம்பும் பேச்சு "இசிஎம் போச்சு" என்பதுதான். இசிஎம் என்பது இன்ஜினை நடத்தும் கணினிப் பெட்டி, அதாவது கன்ட்ரோலர். புது கன்ட்ரோலர் லட்சக்கணக்கில் விலை. அதை வாங்கிப் பொருத்தியும் அதே ஃபால்ட் திரும்பி வரும்போதுதான் மல்டிமீட்டர் வெளியே வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலே பாதி நஷ்டம் குறையும்.

20 டன் பொக்லைன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்ஜினுக்கு ஒரு கன்ட்ரோலர், ஹைட்ராலிக் பம்புக்கு ஒன்று, கேபினில் மானிட்டர், கூடவே ஒரு ஜிபிஎஸ் பெட்டி. இவை நாலும் பேசிக்கொள்வது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே ஒயரில். 1986-இல் போஷ் நிறுவனம் உலகுக்கு அறிமுகப்படுத்திய கேன் (கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க்) முறையும், கனரக வண்டிகளுக்காக அதன்மேல் எழுதப்பட்ட ஜே1939 விதிகளும்தான் அடிப்படை. வேகம் நொடிக்கு 250 கிலோபிட். சில புதிய வண்டிகளில் 500.

பம்ப் கன்ட்ரோலரில் "இன்ஜின் செய்தி வரவில்லை" என்ற ஃபால்ட் கோட் பதிவாகியிருந்தால், பம்ப் கன்ட்ரோலர் புகார்தாரர் மட்டுமே. அதைக் கழற்றுவதில் பயனில்லை. எல்லா கன்ட்ரோலர்களின் கோட்களையும் எடுத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எல்லோரும் ஒருவரைப் பற்றியே புகார் சொன்னால், அந்த ஒருவருக்குப் போகும் சப்ளை, எர்த், நடு லைனிலிருந்து பிரியும் கிளை ஒயர் மூன்றையும் பார்க்க வேண்டும். எல்லோரும் எல்லோரையும் பற்றிச் சொன்னால், எல்லோருக்கும் பொதுவான நடு லைனில் குறை. ஃபால்ட் கோடில் எஸ்பிஎன் என்பது குறை எதில் என்பதையும், எஃப்எம்ஐ என்பது அது எந்த வகைக் குறை என்பதையும் சொல்லும் எண்கள். எஸ்பிஎன் 639 என்பது இந்த நெட்வொர்க்கையே குறிக்கும் எண். அதோடு எஃப்எம்ஐ 9 வந்தால் செய்தி வரவேண்டிய இடைவெளியில் வரவில்லை என்று பொருள்.

சப்ளையை மீட்டரால் மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது. ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒயரிலும் மீட்டர் 24 வோல்ட் காட்டும். கன்ட்ரோலர் கனெக்டரைக் கழற்றி, அதன் சப்ளை, எர்த் பின்களுக்கு நடுவே 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றைப் போடுங்கள். ஏறக்குறைய 0.9 ஆம்பியர் ஓடும். பல்பு மங்கினால் ஒயரிலோ எர்த் போல்ட்டிலோ குறை. பெயின்ட்டின் மேல் இறுக்கிய எர்த் போல்ட் எத்தனையோ கன்ட்ரோலர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

அடுத்து 60 ஓம். சாவியை அணைத்தால் மட்டும் போதாது. சில கன்ட்ரோலர்கள் சற்று நேரம் விழித்திருக்கும். பேட்டரி ஐசோலேட்டரை (பேட்டரியைத் துண்டிக்கும் மெயின் சுவிட்சை) ஆஃப் செய்து, சில நிமிடம் விட்டு அளக்க வேண்டும். ஃபால்ட் கோட் எடுக்கும் கருவியை மாட்டும் 9 பின் வட்ட டயக்னோஸ்டிக் கனெக்டரில், அந்த இரண்டு ஒயரில் ஒன்றான கேன் ஹை சி பின்னிலும், மற்றொன்றான கேன் லோ டி பின்னிலும் இருக்கும். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இணையாக இருப்பதால் மீட்டரில் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை காணோம், அல்லது நடு லைன் கட். 40 வந்தால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டன.

இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். 60 வந்துவிட்டால் லைன் நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. ஒரு கன்ட்ரோலருக்குப் போகும் கிளை மட்டும் அறுந்திருந்தாலும் டயக்னோஸ்டிக் கனெக்டரில் 60தான் வரும். கிளையில் ஹையும் லோவும் மாறியிருந்தாலும் அதே 60. பேச்சில்லாத கன்ட்ரோலரின் கனெக்டரைக் கழற்றி, ஹார்னஸ் (ஒயர் கட்டு) பக்கத்திலும் அளந்தால்தான் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். சில வண்டிகளில் ரெசிஸ்டர் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றியதும் 120 வருவது இயல்பு. ஒயரிங் படத்தைப் பார்க்காமல் அதைக் கட் என்று நினைத்து ஹார்னஸைக் கிழிப்பவர்கள் உண்டு.

பிறகு சாவி போட்டு எர்த்தைத் தொட்டு வோல்ட் பாருங்கள். ஹை 2.5-க்குச் சற்று மேல், லோ 2.5-க்குச் சற்று கீழ், கூட்டினால் 5 வோல்ட்டை ஒட்டி. ஹை பூஜ்யத்தில் கிடந்தால் எங்கோ பாடியில் உரசுகிறது. அப்போது மீட்டரை மாட்டியபடியே ஒவ்வொரு கன்ட்ரோலராகக் கழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சாவியை அணைத்துக் கழற்றி, மறுபடி சாவி போட்டுப் பாருங்கள். எதைக் கழற்றிய பிறகு வோல்ட் எழுந்து வருகிறதோ அதில்தான் குறை. முதலில் கழற்ற வேண்டியது, வண்டி வாங்கிய பிறகு வெளியாள் மாட்டிய ஜிபிஎஸ் பெட்டி. கேன் ஒயரின் தோலைச் சீவி, டேப் சுற்றி எடுத்த இணைப்பு ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

வந்து வந்து போகும் ஃபால்ட்டுக்கு இரண்டு இடங்களை முதலில் பாருங்கள். ஒன்று, ஆபரேட்டர் சீட்டுக்குப் பக்கத்தில் லீவர் இருக்கும் இடது கன்சோலின் அடி. ஆபரேட்டர் ஏறி இறங்கும்போதெல்லாம் கன்சோல் தூக்கி இறங்குகிறது. அங்கே மடங்கும் ஹார்னஸில் தோல் நன்றாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் ஒடிந்திருக்கும். விரலால் வளைத்தால் அந்த இடம் மட்டும் துவண்டு மடியும். மற்றொன்று, கனெக்டரின் பெண் பின். மீட்டரின் தடித்த முனையை உள்ளே குத்திக் குத்தி அதன் வாய் அகன்றிருக்கும். அதே அளவு புது ஆண் பின்னைத் தனியாகச் சொருகிக் கவிழ்த்துப் பாருங்கள். தானாகக் கழன்று விழுந்தால் அந்த பின்னை மாற்றியே ஆக வேண்டும். அளப்பதற்கு மெல்லிய ஊசி முனையோ பின்பக்க புரோபோ வைத்துக்கொள்ளாத மெக்கானிக், ஒரு குறையைத் தேடப் போய் இன்னொன்றை வைத்துவிட்டு வருகிறார்.

நிஜமாகவே கன்ட்ரோலர் செத்திருந்தால், சமீபத்தில் வெல்டிங் நடந்ததா என்று கேளுங்கள். பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்பை டிராக்கில் மாட்டினால் கரன்ட் வண்டி முழுதும் சுற்றி வரும். கிளாம்ப் பக்கெட்டிலேயே, வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பேட்டரியும் கன்ட்ரோலர் கனெக்டர்களும் கழன்றிருக்க வேண்டும்.

ஒட்டுப் போடும்போது இரண்டு ஒயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் சில சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வெட்டுங்கள். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, பழையபடி முறுக்கிவிடுங்கள். முறுக்கில்லாத பகுதி 5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஷீல்டு (மேலே சுற்றிய உலோக உறை) உள்ள ஒயர் என்றால் அதன் எர்த் ஒரே இடத்தில்தான்.

கோட்களை அழித்து, ஹைட்ராலிக் ஆயில் சூடேறும்வரை ஓட்டி, கன்சோலைப் பத்து முறை தூக்கி இறக்கிய பிறகு மறுபடி கோட் எடுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில், அந்த வண்டியின் இரண்டு ரெசிஸ்டரும் எங்கே இருக்கின்றன என்று பெயின்ட் மார்க்கரால் எழுதிவிட்டு மூடுங்கள். அடுத்த முறை ராத்திரி ஷிப்டில் டார்ச் பிடித்துத் தேடுபவருக்கு அது ஒரு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.