குளிர்சாதனப் பெட்டியில் வளர்த்த மதுவம்

மட்டக்களப்பில் மதுவம் (ஈஸ்ட்) வளர்க்க மினக்கெடத் தேவையில்லை. அதற்குப் பிடித்த வெப்பநிலை 30 பாகை. எங்கள் ஆய்வுகூட மேசையே பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். பாடு பட்டது குளிருக்கு. குளிரில் மதுவக் கலம் தன் மென்சவ்வின் பொஸ்போலிப்பிட்டுகளை, அதாவது ஒரு தலையும் இரண்டு கொழுப்பமில வால்களும் கொண்ட கொழுப்பு மூலக்கூறுகளை, எப்படி மாற்றிக்கொள்கிறது என்பது என் இறுதியாண்டு ஆய்வு. பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் திருகியைத் திருப்பித் திருப்பி 15 பாகைக்குக் கொண்டுவர மூன்று நாள் போனது.

மார்கழி மழைக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலின் அடி வெள்ளையாக உறைந்திருக்கும்; பக்கத்தில் நல்லெண்ணெய் பாட்டுக்கு ஓடும். தேங்காய் எண்ணெயில் நிரம்பிய, அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாத, கொழுப்பமிலங்கள் அதிகம்; அவைதான் இலேசில் உறையும், அவ்வளவுதான் விசயம். மென்சவ்வும் அப்படி உறைந்தால் கலம் பிழைக்காது. அதனால் குளிரில் இரட்டைப் பிணைப்புள்ள வால்களைக் கூட்டிக்கொள்கிறது.

கொழுப்பைப் பிரித்தெடுப்பது தனிக்கதை. மதுவத்தின் கலச்சுவர் இலேசில் உடையாது. அரை மில்லிமீற்றர் கண்ணாடி மணிகளோடு சேர்த்துக் குலுக்கிக் குலுக்கிக் கை மரத்துப்போனது. பிறகு குளோரோபோமும் மெதனோலும் 2:1, 1957இல் போல்ச் குழுவினர் எழுதிவைத்த முறை. அவசரத்தில் கையில் கிடைத்த தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் ஊற்றிவிட்டேன். கண்ணுக்கு முன்னால் குழாய் பால்போல மங்கி, நெளிந்து, அடி கழன்று மேசையெல்லாம் ஓடியது. அது பொலிஸ்டைரீன், ரெஜிபோமின் சொந்தக்காரன், குளோரோபோமில் கரையும். இரண்டு வார வளர்ப்பு துடைப்புத் துணியில் போனது. அப்புறம் கண்ணாடிக் குழாயைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

மறுமுறை எடுத்த கொழுப்பை, வகைவகையாகப் பிரித்துப் பார்க்கச் சிலிக்காத் தட்டில் இட்டு, குளோரோபோம், மெதனோல், நீர் 65:25:4 கலவையில் ஓடவிட்டு, அயடின் ஆவியில் வைத்தேன். மஞ்சள் கபிலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்பின. மேலே எதனோலமீன் தலை கொண்டது, கீழே கோலீன் தலை கொண்டது. குளிர் மாதிரி, சூட்டு மாதிரி இரண்டிலும் அதே புள்ளிகள், அதே உயரம். எல்லாம் பிழையாகிவிட்டது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு, ஆய்வை மேற்பார்த்த மிஸ்ஸிடம் போனேன்.

“பிள்ள, இந்தத் தட்டு எதைப் பார்த்துப் பிரிக்குது?” என்றார்.

தலையைப் பார்த்து. மாறுவதோ வால். சரி, இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்! ஒரு நொதியம் (என்சைம்) வாலை வெட்டி எடுக்கும், இன்னொன்று வேறு வாலை ஒட்டும். தலை அப்படியே இருக்கும். இந்தச் சுற்றை 1958இல் முன்வைத்தவர் வில்லியம் லேண்ட்ஸ். மதுவத்தில் ஒட்டும் வேலையைச் செய்கிற ஆலே1 நொதியம் அடையாளம் காணப்பட்டது 2007இல்தான்.

மிஸ் இன்னொன்றும் கேட்டார்: “குளிர்ப் பெட்டிக்குள்ள குடுவையைக் குலுக்கினீங்களா?” இல்லை. மேசையில் இருந்தது மட்டும் குலுக்கியில். மதுவத்தில் இரட்டைப் பிணைப்பு போடுகிற ஓலே1 நொதியத்துக்கு ஒட்சிசன் வேண்டும்; குலுக்கினால்தான் அது குடுவைக்குள் போதியளவு கலக்கும். காற்றுக் குறைவாக வளர்ந்ததையும் காற்றோடு வளர்ந்ததையும் ஒப்பிட்டுவிட்டு அதைக் குளிரின் வேலை என்று எழுதியிருப்பேன். காந்தக் கலக்கி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, வயரைக் கதவிடுக்கால் வெளியே எடுத்து, மேசைக் குடுவைக்கும் அதேபோல ஒன்று வைத்து, முழுவதையும் திரும்பச் செய்தேன்.

கொழுப்பமிலங்களை மெதயில் எஸ்தராக்கி, ஒவ்வொரு கொழுப்பமிலத்தையும் தனித்தனியே பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக்காகக் கொழும்புக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். வந்த வரைபில் குளிர் மாதிரியில் 16 காபன், ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ள முகடு உயர்ந்திருந்தது. 16 காபன் நிரம்பியது இறங்கியிருந்தது. அந்தத் தாளைப் பஸ்ஸில் எத்தனை தரம் விரித்துப் பார்த்தேனோ.

வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி: இந்த வால்கள் பழைய லிப்பிட்டில் மாற்றி ஒட்டியவையா, புதிதாகச் செய்த லிப்பிட்டோடு வந்தவையா? என் தரவில் அதற்கு விடை இல்லை, சுவட்டுச் சமதானி, அதாவது அடையாளமிட்ட அணு, போட்டுத் தொடர்ந்து பார்த்தால்தான் பிரிக்கலாம் என்றேன். ஐயா ஒருவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.