மெதுவாக ஓட்டுங்கள்

"மெதுவாக ஓட்டுங்கள் ஐயா" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, நான் கடைந்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்த கார் உருப்படிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மூன்று சொற்களை ஏன் சொன்னேன் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். 1961 முதல் சென்னையருகே தயாரானது. பழைய வண்டிக்காரர்களுக்கு அதன் ட்ரனியன் என்ற முன்சக்கர மூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது வெண்கல ட்ரனியனுக்குள் இறங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்ளேயே சுழலும். வலப்பக்கத்துக்கு நேர் மரை, இடப்பக்கத்துக்கு எதிர் மரை. இதற்குக் கிரீஸ் உதவாது, 90 எண் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் தடித்துப்போய், தண்ணீரைத் தேக்கி, எஃகைத் துருவேற்றிவிடும். தண்டு முறிந்தால் சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிவிடும்.

அவர் கேட்டது இரண்டு ட்ரனியன்கள். பழையதை அப்படியே மண்ணில் பதித்து வார்த்தால் சிறுத்துவிடும், வெண்கலம் ஆறும்போது சுருங்கும் அல்லவா? அதற்கும் கடைசலுக்கும் இடம்விட்டுத் தனி மர அச்சு செய்தோம். சிக்கல் மரையில்தான் இருந்தது. பழைய உருப்படியை நகலெடுப்பவனுக்குக் கிடைக்கும் மாதிரியே தேய்ந்த மாதிரி. அதை அளந்தால் தேய்மானத்தைத்தான் அளக்கிறோம். தண்டின் மரையும் தேய்ந்திருந்தது. தொழிற்சாலையின் பழைய இஞ்சு அளவுக்கே மரை போட்டிருந்தால் புது உருப்படியும் முதல் நாளிலேயே ஆடும். ஆகவே ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல ஒவ்வொரு தண்டுக்கும் தனித்தனியாக இறுக்கி வெட்டினேன். எதிர் மரைக்கே ஒரு முழுநாள் போனது. ஆயில் விட்டு இரண்டு விரலால் திருப்பினால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிடித்து ஆட்டிப் பார்த்தேன், இம்மியும் அசையவில்லை. அன்று எனக்கிருந்த சந்தோஷத்தையும் மறைக்கப் போவதில்லை.

இடப்பக்கத் தண்டைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். மேல் மரையின் அடியில் துரு அரித்திருந்தது, நகத்தை ஓட்டினால் தட்டியது. சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தேன். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு கசியும். கோடு வரவில்லை. ஏழெட்டுப் புள்ளிகள் வந்தன. அவற்றில் மூன்று ஒரே வரிசையில் இருந்தன.

அவரிடம் காட்டினேன்.

"இந்தத் தண்டை மாற்றிவிடுவது நல்லது ஐயா."

"எங்கே கிடைக்கும் தம்பி? புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன். கிடைத்தது இதைவிட மோசம்."

"இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம்."

"அடுத்த வாரம் குன்னூரில் தங்கை வீட்டு விசேஷம். அப்பா வாங்கிய வண்டியில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். நீங்களே வெல்டு வைத்துக் கடைந்து கொடுத்துவிடுங்களேன்."

அதற்கு மட்டும் உறுதியாக மறுத்தேன். அந்த எஃகில் வெல்டு வைத்தால் சூடுபட்ட இடத்தை ஒட்டியே பிளந்துவிடும். அவர் கோபப்படவில்லை. "சரி, அப்படியே போட்டால் ஓடுமா, ஓடாதா?" என்று கேட்டார்.

ஓடும் என்றோ ஓடாது என்றோ சொல்லியிருக்க வேண்டும். நான் மெதுவாக ஓட்டச் சொன்னேன்.

அந்தத் தண்டு பெரும்பாலும் வேகத்தில் முறிவதில்லை. மெதுவாகப் போய், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போதுதான் அதற்கு ஆபத்து அதிகம். ஹெரால்டோ 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி. அந்த அளவுக்குச் சக்கரம் திரும்பும். குன்னூர் போகும் வழியில் மலையடிவாரக் கல்லாறு தாண்டினால் வருவதெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். இத்தனையும் தெரிந்த நான் அந்த மனிதரிடம் சொன்ன எச்சரிக்கை, எந்த இடத்தில் ஆபத்தோ அந்த இடத்தில் சிறிதும் உதவாதது. நாளை யாராவது கேட்டால் 'நான் சொன்னேனே' என்று சொல்லிக்கொள்ள மட்டும் உதவும்.

இப்படி என்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கணக்கும் மனத்தில் ஓடும். புள்ளிகள் விரிசல் அல்ல. தண்டு அவருடையது, அதை நான் செய்யவில்லை. குறையை மறைக்கவும் இல்லை, கண்ணெதிரே காட்டினேன். உருப்படிகளைத் தர மறுத்திருந்தால் பழைய ட்ரனியன்களை மாட்டிக்கொண்டு அதே மலையில் ஏறியிருப்பார். இதில் எதுவும் பொய்யில்லை. இரண்டு நாள் நிம்மதியாகவும் இருக்கும்.

பிறகு அந்த ஆட்டம் நினைவுக்கு வரும். புது ட்ரனியன் போடுவதற்கு முன் சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் கடகடவென்று ஆடியது என்றார். அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயந்துதான் என்னிடம் வந்தார். கெட்டுப்போன அந்த உறுப்பு தன் நிலையைச் சொல்வதற்கு அந்த ஒரு வாய்தான் இருந்தது. நான் தேய்ந்த தண்டுக்குப் பொருத்தமாக இறுக்கி வெட்டி அந்த வாயை அடைத்துவிட்டேன். தண்டு அதே தண்டுதான். இப்போது அது புதிதுபோல நடந்துகொள்கிறது. சுமாராகச் செய்திருந்தால் ஆறு மாதத்தில் மறுபடி ஆடியிருக்கும், பட்டறைக்கு வந்திருப்பார். நல்ல வேலை செய்ததற்காக வருத்தப்படலாமா? வருத்தப்படுகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை. இன்று ஒருவர் அதே உருப்படியைக் கொண்டுவந்தாலும் என் கை அப்படித்தான் வெட்டும்.

நான்கு மாதம் கழித்து அவரே அழைத்தார். "வண்டி வெண்ணெயாகப் போகிறது தம்பி. குன்னூர் போய் வந்தோம். நண்பர் ஒருவருக்கும் ஒரு ஜோடி வேண்டும்." மனம் லேசானது. ஆயில் விடுகிறீர்களா என்று கேட்டேன். "டிரைவர் பார்த்துக்கொள்கிறார். எல்லா இடத்துக்கும் சேர்த்துக் கிரீஸ் அடித்துவிட்டார்" என்றார்.

வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். வருகிறேன் என்றார். அதன்பின் இரண்டு முறை நானே அழைத்தேன். இதற்கிடையில் இடப்பக்கத் தண்டு ஒன்றை என் செலவிலேயே இங்கிலாந்திலிருந்து வரவழைத்துவிட்டேன். மரையில் ஆயில் தடவி, துணியில் சுற்றி, மைக்ரோமீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதற்கேற்ற ட்ரனியனைச் சரியான அளவில் தனியாகக் கடைந்தாயிற்று. ஒரு பிற்பகல் போதும், மாற்றிவிடலாம்.

நேற்று மறுபடியும் அழைத்துத் தண்டு வந்துவிட்டதைச் சொன்னேன். சிரித்தார். "எதற்குத் தம்பி வீண் செலவு? நீங்கள் சொன்ன மாதிரி மெதுவாகத்தானே ஓட்டுகிறேன்" என்றார்.